முந்நூறு பேர் இருக்கும் விஞ்ஞான வகுப்பில் லெக்சரைத் தவிர வேறு வழி உண்டா?

2024 ஆகஸ்ட் 10 – வாசகர் கேள்வி

அக்கா, நான் இந்த வருடம்தான் தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேர்ந்தேன். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல். உயிரியல் பிரிவும் கணிதப் பிரிவும் ஒன்றாக வருவதால் மண்டபத்தில் முந்நூறு பேருக்குக் கிட்ட. மைக் பிடித்துத்தான் பேச வேண்டும். பின்வரிசையில் பாதிப் பேர் போனுக்குள் இருக்கிறார்கள். போன முறை நிறையப் பேருக்கு ரிப்பீட். எங்கள் சீனியர் ஒருவர், "இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு லெக்சர் எடுக்கலாம், வேறொன்றும் செய்யேலாது. படிக்கிற பிள்ளை எப்படியும் பாஸ் பண்ணும்" என்கிறார். எனக்கும் அது சரிபோலத்தான் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

2024 ஆகஸ்ட் 10, இரவு

இல்லை தங்கச்சி, அது சரியில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வருகிறேன். இதை நம்பி நாங்கள் சும்மா இருந்ததால் எத்தனை பிள்ளைகள் அடிபட்டுப் போனார்கள் என்றும் பார்த்திருக்கிறேன்.

முதலாம் செமஸ்டரில் விழுந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள். பலர் படிக்காதவர்கள் இல்லை. இரவு இரண்டு மணி வரை கண் விழித்தவர்கள். ஆனால் தனியாக இருந்து படித்தவர்கள். உயர்தரம் வரை தமிழில் படித்து, ரியூஷனில் அச்சடித்த குறிப்புகளை டியூட் டியூட்டாக வாங்கி, பாஸ்ட் பேப்பரைச் செய்து செய்து பழகி வந்தவர்கள். இங்கே வந்தால் எல்லாம் ஆங்கிலம். இது பரீட்சைக்கு வரும், இது வராது என்று சொல்ல ஆளில்லை. விளங்கவில்லை என்று முந்நூறு பேருக்கு முன்னால் கை தூக்கத் துணிவு வராது. மூன்றாம் கிழமை விளங்காமல் விட்டதன் மேல்தான் ஏழாம் கிழமைப் பாடம் நிற்கிறது. அதற்குப் பிறகு எவ்வளவு படித்தாலும் மனப்பாடம்தான் மிஞ்சும்.

இன்னொன்றும் இருக்கிறது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மீதி 5 வீதம் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் மட்டக்களப்பும் அம்பாறையும் உண்டு. "நான் குறைந்த இசட் புள்ளியில் (அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) வந்தவள்" என்று தனக்குள்ளேயே ஒடுங்கிப்போகிற பிள்ளைகள் ஒவ்வொரு பாட்சிலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை படிக்கும், கேள்வி மட்டும் கேட்காது. பெரிய வகுப்பு இந்த மௌனத்தை அப்படியே மூடிவிடுகிறது. யாருக்கு விளங்கவில்லை என்பது பரீட்சைத் தாள் வரும்வரை நமக்குத் தெரியாமல் போகிறது. என் சண்டை எல்லாம் இதோடுதான்.

2024 ஆகஸ்ட் 12

நேற்று எழுதவேண்டும் என்று நினைத்து விட்டுப்போனது. நீங்கள் புதியவர் என்பதால் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு பரிசோதனை 2011 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்தது. செய்தவர்களில் ஒருவர் கார்ல் வீமன், 2001 இல் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். முதலாமாண்டுப் பௌதிகவியலில் இரண்டு வகுப்புகள், ஒன்றில் 267 பேர், மற்றதில் 271 பேர். ஒரே பாடம், ஒரே ஒரு கிழமை. ஒரு வகுப்புக்கு நல்ல பெயரெடுத்த, அனுபவமுள்ள பேராசிரியர் வழக்கம்போல லெக்சர் எடுத்தார். மற்ற வகுப்புக்கு, படிப்பித்த அனுபவம் பெரிதாக இல்லாத ஓர் இளம் ஆய்வாளரும் ஒரு பட்டமேற்படிப்பு மாணவரும். ஆனால் அவர்கள் லெக்சர் எடுக்கவில்லை. முன்கூட்டியே வாசிக்கக் கொஞ்சம் கொடுத்து, வகுப்பில் கேள்வி போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேச வைத்து, பிறகு விளக்கினார்கள்.

கிழமை முடிவில் இரண்டு வகுப்புக்கும் ஒரே சோதனை. லெக்சர் வகுப்பின் சராசரி நூற்றுக்கு 41. மற்ற வகுப்பின் சராசரி 74. கண்ணை மூடிக்கொண்டு விடை தெரிவு செய்தாலே 23 வரும் சோதனை அது. அப்படியென்றால் நல்ல லெக்சரர் ஒருவர் கொடுத்ததை அனுபவமில்லாத இரண்டு பேர் எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று பாருங்கள். உங்கள் வயதுக்காரர்கள்தான் அவர்களும். வகுப்பும் உங்கள் வகுப்பின் அளவுதான்.

2024 ஆகஸ்ட் 15

"அக்கா, அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் கையில் கிளிக்கர் இருக்கும், இங்கே மைக்கே பாதி நாள் இரைகிறது" என்று ஒரு தம்பி கீழே எழுதியிருக்கிறார்.

கிளிக்கர் என்பது விடையை அழுத்தி அனுப்பும் சின்னக் கருவி. அது தேவையில்லை. ஏ, பி, சி, டி என்று எழுதிய நாலு நிற அட்டை போதும். கிளிக்கர் வைத்த வகுப்பையும் அட்டை வைத்த வகுப்பையும் நத்தானியேல் லாஸ்ரி என்பவர் ஒப்பிட்டு 2008 இல் எழுதினார். மாணவர்கள் கற்றுக்கொண்டதில் வித்தியாசம் இல்லை. கருவி எதுவானாலும் கேள்வி நல்லதாக இருக்க வேண்டும்.

கேள்வி போட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு பேச வைக்கும் முறை ஹார்வர்டின் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. பத்து, பதினைந்து நிமிடம் பேசுங்கள். பிறகு ஒரு கேள்வி. முதலில் யாரோடும் பேசாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டை தூக்க வேண்டும். நீங்கள் மண்டபத்தைப் பார்க்கிறீர்கள். சரியான விடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே என்றால் நீங்கள் திரும்ப விளக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் சரி என்றால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இடைநடுவில் இருந்தால்தான் சுவாரசியம். "பக்கத்தில் வேறு நிறம் தூக்கினவரைப் பிடித்து அவருக்கு விளங்கப்படுத்துங்கள்" என்று விட்டுவிடுங்கள். மண்டபம் சந்தைபோல இரையும். இரையட்டும். மூன்று நிமிடத்தில் திரும்ப அட்டை தூக்கச் சொல்லுங்கள். நிறங்கள் ஒரு பக்கம் சாய்வது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று. அறுவடை செய்து காயவைத்த நெற்பயிரின் நிறையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்தா, யூரியாவிலிருந்தா, தண்ணீரிலிருந்தா, காற்றிலிருந்தா? வயற்காரர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு. மண் என்றும் யூரியா என்றும் அட்டைகள் குவியும். ஒருமுறை வெள்ளாவெளிப் பக்கத்துப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான்: "மண்ணிலிருந்துதான் வருகுதென்றால் எங்கட வயல் இவ்வளவு காலத்துக்கு குளமாகியிருக்க வேணுமேடா!" மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவன் சொன்னது 17 ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மொண்ட் தொட்டியில் வில்லோ மரம் வளர்த்துப் பார்த்த அதே கணக்கு. ஐந்து வருடத்தில் மரம் 160 இறாத்தலுக்கு மேல் கூடியது, மண் குறைந்தது சில அவுன்ஸ். வான் ஹெல்மொண்ட் எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவுகட்டினார். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு என்று இந்தப் பிள்ளைகள் பேசிப் பேசியே வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு நான் பேசியது மிகக் குறைவு. ஒளித்தொகுப்பை அந்த பாட்ச் மறக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 16

"ஒருவருக்கும் விடை தெரியாவிட்டால் பேசி என்ன பயன்? குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவதுதானே" என்ற கேள்விக்கு: இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2009 இல் கொலராடோவில், பரம்பரையியல் வகுப்பில். குழுவில் ஒருவருக்கும் முதலில் சரியான விடை தெரியாத இடங்களிலும், பேசின பிறகு அதே கருத்தில் வேறொரு கேள்வி கொடுத்தால் சரியாகச் செய்தவர்கள் கூடினார்கள். தன் வாயால் சொல்லும்போதுதான் எந்த இடத்தில் இடறுகிறோம் என்று தெரிகிறது.

2024 ஆகஸ்ட் 19

"எங்கள் பிள்ளைகள் பேசமாட்டார்கள்." பலர் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, நாம் காத்திருப்பதில்லை. மேரி பட் ரோ என்பவர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு செக்கன். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டினபோது விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அது பள்ளிக்கூடம், அவர்கள் தங்கள் தாய்மொழியில் கேட்டவர்கள். நம் பிள்ளை ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் நினைத்து, விடையைத் தமிழில் யோசித்து, திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மூன்று செக்கன் எப்படிப் போதும்? மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும், பிள்ளைக்கு இல்லை.

இரண்டாவது, பக்கத்தில் இருப்பவரோடு எந்த மொழியில் பேசினாலும் பேசட்டும். "ஸ்பீக் இன் இங்கிலிஷ்" என்று சொன்ன உடனே மண்டபம் செத்துப்போகும். சமநிலையை, செறிவை, பிணைப்பைத் தமிழில் அடித்துப் பேசி விளங்கிக்கொள்ளட்டும். எழுதுவது ஆங்கிலத்தில். முதல் நான்கு கிழமைக்குக் கேள்வித் திரையில் முக்கியமான சொற்களைத் தமிழிலும் சிங்களத்திலும் கீழே போட்டுவிடுங்கள். வகுப்பில் சிங்களப் பிள்ளைகளும் இருப்பார்கள், எல்லோரும் தமிழில் பேசினால் அவர்கள் தனித்துப்போவார்கள். அப்படி இருக்கும் குழு ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் பேசும். உண்மையில் அந்தக் குழுக்களில்தான் ஆங்கிலம் வேகமாக வருகிறது, ஏனென்றால் அங்கே அது தேவை.

மூன்றாவது, அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள், தலைக்கு மேலே வேண்டாம். பின்னால் இருப்பவர் பார்க்கக்கூடாது. இது சின்ன விஷயம்தான், ஆனால் பிழை விடை தூக்கியதை மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்றால் எல்லோரும் முன்வரிசைக் கெட்டிக்காரியின் நிறத்தைப் பார்த்துத் தூக்குவார்கள்.

2024 ஆகஸ்ட் 27

ஒரு திருத்தம் தேவை. கீழே ஒருவர், "செயல்வழிக் கற்றல் எல்லாம் சின்ன வகுப்புக்குத்தான் என்று ஃபிரீமனே சொல்லியிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறார். அவர் அப்படிச் சொல்லவில்லை. 2014 இல் ஸ்கொட் ஃபிரீமன் குழு 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. லெக்சர் மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக நூற்றுக்கு 33.8 பேர் விழுந்தார்கள், மாணவர்களைச் செய்யவைத்த வகுப்புகளில் 21.8 பேர். ஐம்பது பேருக்குக் குறைந்த வகுப்புகளில் பலன் அதிகம் என்றது உண்மை. ஆனால் எல்லா அளவு வகுப்புகளிலும் பலன் இருந்தது என்றும் அதே கட்டுரை சொல்கிறது.

உங்கள் மண்டபத்தில் முந்நூறு பேர் என்றால் 33.8 க்கும் 21.8 க்கும் நடுவில் இருப்பது முப்பத்தாறு பிள்ளைகள். ஒரு பஸ் நிறைய ஆட்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் இந்தப் பிள்ளை கம்பஸ் போனதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்த ஒரு தாய் இருக்கிறாள்.

2024 செப்டம்பர் 8

வகுப்புக்குள் செய்வது ஒரு பாதி. மற்றப் பாதி, காணாமல் போகிற பிள்ளையைத் தேடிப் பிடிப்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிது.

வரவு 80 வீதம் வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் என்ன நடக்கிறது? ஒருவர் நாலு பேருக்குச் சைன் வைத்துவிடுகிறார். வரவுத் தாளில் எல்லோரும் இருக்கிறார்கள், மண்டபத்தில் இல்லை. ஆகவே வரவை நம்பாதீர்கள். இரண்டாம் கிழமையிலிருந்து ஒவ்வொரு கிழமையும் ஐந்து நிமிடச் சின்னச் சோதனை வையுங்கள். மார்க்ஸ் மிகக் குறைவாக இருக்கட்டும், மொத்தத்தில் ஒன்றிரண்டு வீதம். பயமுறுத்துவதற்கு இல்லை. படித்ததை மறதிக்கு விடாமல் நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே படிப்பு, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட அது நிலைக்கிறது என்று கார்பிக்கும் ரோடிகரும் 2008 இல் காட்டினார்கள். நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. மூன்றாம் கிழமை முடிவில் உங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: தொடர்ந்து இரண்டு சோதனைக்கு வராதவர்கள், வந்தும் ஒன்றும் எழுதாதவர்கள்.

அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் போன் பண்ணுங்கள். வட்ஸ்அப் குரூப்பில் பெயர் போடாதீர்கள், அவமானம். தனியாக. "தம்பி, இரண்டு கிழமையாகக் காணவில்லை, சுகம்தானே?" அவ்வளவுதான். நான் கேட்ட பதில்கள்: மகாபொல உதவிப்பணம் இன்னும் வரவில்லை, போர்டிங் காசு கட்டவில்லை, கடையில் வேலைக்கு நிற்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில். வயல் வெட்டு, வீட்டில் ஆம்பிளைப் பிள்ளை நான் மட்டும். ஒருத்தி, "மிஸ், என்னை ஒருவருக்கும் தெரியாதென்று நினைத்தேன்" என்றாள். அந்தப் பிள்ளை அடுத்த கிழமையே வந்தாள். பிறகு விடவேயில்லை.

எல்லோரும் திரும்பி வரமாட்டார்கள். ஆனால் மூன்றாம் கிழமையில் கூப்பிட்டால் வருபவர்கள் பத்தாம் கிழமையில் கூப்பிட்டால் வரமாட்டார்கள். அதற்குள் விடுபட்ட பாடம் அவர்களைப் பயமுறுத்திவிடும்.

2024 செப்டம்பர் 9

திருத்துகிற வேலை? நியாயமான கேள்வி. முந்நூறு தாளை ஒவ்வொரு கிழமையும் ஓர் ஆள் திருத்த முடியாது. தெரிவு வினாவாக வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு தாள் மாற்றி அங்கேயே திருத்த வைக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது பெயரையும் எண்ணையும் மட்டும். மூடில் என்ற இணைய வகுப்புத் தளத்தில் போடலாம்தான், ஆனால் டேட்டா இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். வகுப்பு முடிவில் "இன்றைக்கு விளங்காதது ஒன்று" என்று துண்டில் எழுதி வாங்கினால் எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதில்லை, கைக்கு வந்த முப்பதை எடுத்துப் பாருங்கள். அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்குங்கள். தமிழில் எழுதலாம் என்று சொல்லுங்கள், அப்போதுதான் உண்மை வரும்.

2024 செப்டம்பர் 22

குப்பியைப் பற்றி ஏன் இன்னும் எழுதவில்லை என்று ஒரு பழைய மாணவி கேட்டிருக்கிறாள். எழுதத்தான் வேண்டும்.

இந்த நாட்டுக் கம்பஸ்களில் பரீட்சைக்கு முன் சீனியர் அக்கா, அண்ணாமார் வந்து இரவிரவாகக் குப்பி எடுப்பார்கள். நானும் குப்பியில் படித்துப் பாஸ் பண்ணியவள்தான். ஹொஸ்டலில் ஓர் அறையில் இருபது பேர், ஒரு வெள்ளைப் பலகை, பிளேன்டீ. அங்கே யாரும் கேள்வி கேட்க வெட்கப்படுவதில்லை. நாம் லெக்சர் மண்டபத்தில் கொண்டுவர முடியாத ஒன்றை அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மிசூரி–கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973 இல் டியானா மார்டின் தொடங்கிய திட்டம் கிட்டத்தட்ட இதுவேதான். அந்தப் பாடத்தில் நன்றாகச் செய்த சீனியர் ஒருவர் திரும்ப லெக்சருக்கு வந்து உட்காருவார், பிறகு கிழமைதோறும் ஜூனியர்களோடு கூடிப் படிப்பார். அவர்கள் செய்த ஒரு புத்திசாலித்தனமான காரியம், "பலவீனமான மாணவர்களுக்கு" என்று அதை வைக்கவில்லை. "கஷ்டமான பாடங்களுக்கு" என்று வைத்தார்கள். விருப்பமான யாரும் வரலாம்.

யூரி ட்ரைஸ்மன் கதை இதைவிட எனக்கு நெருக்கம். 1970களில் பேர்க்லியில் நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் நிறையப் பேர் விழுந்தார்கள். ஊக்கமில்லை, அடித்தளம் போதாது, வீட்டில் அக்கறையில்லை, வறுமை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் மாணவர்களோடேயே போய் இருந்து பார்த்தார். சொன்ன காரணம் ஒன்றும் பொருந்தவில்லை. விழுந்தவர்கள் கடுமையாகப் படித்தார்கள், ஆனால் தனியாகப் படித்தார்கள். அதே வகுப்பில் நன்றாகச் செய்த சீன அமெரிக்கப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்து, சாப்பிடும்போதும் அதையே பேசினார்கள். அவர் பின்தங்கியவர்களுக்கான திருத்த வகுப்பு வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து செய்யும் பட்டறை வைத்தார். பிள்ளைகள் ஏறி வந்தார்கள்.

'பின்தங்கிய மாவட்டம்' என்ற பட்டத்தோடு வருகிற நம் பிள்ளைகளுக்கு, "நலிந்த மாணவர்களுக்கான மேலதிக வகுப்பு" என்று அறிவித்தல் ஒட்டாதீர்கள். வரவேண்டியவர்கள் வெட்கத்தில் வரமாட்டார்கள். "கஷ்டமான கணக்கு செய்யும் மாலை" என்று ஒட்டுங்கள்.

குப்பியில் நான் மாற்றச் சொல்வது இரண்டு. பரீட்சைக்கு முதல்நாள் வரை காத்திராமல் மூன்றாம் கிழமையிலேயே தொடங்கட்டும். எடுக்கும் சீனியர் விடையைப் பலகையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் ஜூனியரைக் கொண்டு எழுத வைக்கட்டும். இடம், நேரம், ஒரு பலகை, எடுக்கும் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ், இவை திணைக்களம் கொடுக்க வேண்டியது. பகிடிவதைப் பயம் இருக்கும் இடத்தில் இது நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். சீனியரைக் கண்டால் ஒளிக்கிற பிள்ளை சீனியரிடம் படிக்காது.

2024 செப்டம்பர் 24

கிழக்கில் உள்ள நம் பல்கலைக்கழகங்களின் பழைய காலத்தை யாரோ கேட்டிருந்தீர்கள். வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது 1981 ஆகஸ்ட் 1. விஞ்ஞானமும் விவசாயமும்தான் முதல் பீடங்கள். 1986 ஒக்டோபர் 1 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், 1995 இல் கல்லூரியாகித் தொடங்கி அடுத்த வருடம் பல்கலைக்கழகமானது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். அந்தத் தொடக்க வகுப்புகளில் படித்தவர்கள், "எங்கள் சேர்மாருக்கு எங்கள் ஊர், அப்பாவின் தொழில் எல்லாம் தெரியும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலம் திரும்பாது. கூடுதலான பிள்ளைகள் உள்ளே வருவது நல்லது, அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

2024 ஒக்டோபர் 6

குழு அமைப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஊர் கலந்து, பால் கலந்து நாமே பிரித்துவிட வேண்டும் என்றுதான் எனக்கும் முன்பு எண்ணம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பிள்ளையும் மேற்கே படுவான்கரைப் பிள்ளையும், காத்தான்குடியும் ஹட்டனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை. இப்போதும் அந்த ஆசை உண்டு. ஆனால் முதல் மூன்று கிழமை தாங்கள் விரும்பியவரோடு இருக்கட்டும் என்று இப்போது நினைக்கிறேன். புதிய இடத்தில் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் வாய் திறக்கும். ஆம்பிளைப் பிள்ளைகள் மூன்று பேருக்கு நடுவில் ஒரு பெண் பிள்ளையைத் தனியாக வைத்தால் அவள் அந்தக் குழுவின் குறிப்பெழுதுபவளாகிவிடுவாள். இரண்டு பேராவது சேர்ந்து இருக்கட்டும். கலப்பதை செய்முறை வகுப்பில் செய்யலாம், அங்கே கையில் வேலை இருப்பதால் பழக்கம் தானாக வரும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முட்டுகிற மாதிரிச் சோதனை வைக்காதீர்கள்.

2024 ஒக்டோபர் 20

முதல் கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருக்கிறார்: "அக்கா, அட்டை முறை தொடங்கினேன். பிள்ளைகள், 'மிஸ் படிப்பிக்கிறதே இல்லை, எங்களைத்தான் பேச விடுறா' என்று திணைக்களத்துக்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள்."

மனம் விட்டுப்போக வேண்டாம். ஹார்வர்டில் 2019 இல் இதையே அளந்தார்கள். லெக்சர் கேட்ட மாணவர்கள் கூடுதலாகக் கற்றதாக உணர்ந்தார்கள், சோதனையில் குறைவாக எடுத்தார்கள். தாங்களே செய்து படித்தவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள், சோதனையில் கூடுதலாக எடுத்தார்கள். வழுவழுப்பான லெக்சர் கேட்கும்போது எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும். தானே மல்லுக்கட்டும்போது தெரியாதது எல்லாம் கண்ணுக்கு முன் வந்து நிற்கும், அது சுகமில்லை.

ஆகவே ஒளிக்காமல் சொல்லுங்கள். முதல் சோதனை முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, அட்டை தூக்கிப் பேசிய தலைப்புகளில் வகுப்பு எப்படிச் செய்தது, நீங்கள் லெக்சராக மட்டும் சொல்லிவிட்டுப் போன தலைப்புகளில் எப்படிச் செய்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகள் நியாயமானவர்கள். தங்கள் மார்க்ஸைப் பார்த்தால் ஒத்துக்கொள்வார்கள். திணைக்களத்துக்கும் அதே தாளைக் கொடுங்கள்.

2024 நவம்பர் 30

இந்தக் கிழமை வெள்ளத்தில் எதுவும் எழுத முடியவில்லை. உயர்தரப் பரீட்சையே 27 ஆம் திகதி நிறுத்தப்பட்டு டிசம்பர் 4 க்குத் தள்ளிப்போய்விட்டது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது, பாதிப் பரீட்சையோடு வீட்டுக்குள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் நம் மண்டபத்தில் உட்காரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. இங்கே மாரி ஒவ்வொரு வருடமும் வரும். படுவான்கரை வீதிகள் தண்ணீருக்குள் போகும். கிழமைச் சோதனைகளில் மோசமான இரண்டைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று பாடத்தின் முதல் நாளே அறிவித்துவிடுங்கள். பிறகு கிராம சேவகர் கடிதம், மருத்துவச் சான்றிதழ் என்று ஒரு பிள்ளையும் உங்கள் கதவடியில் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

2024 டிசம்பர் 15

கடைசியாகக் கேட்டிருந்தது செய்முறை வகுப்பு. அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சின்ன வகுப்பு, அதை வீணாக்க வேண்டாம். முந்நூறு பேரும் பிரிந்து பிரிந்து வருவார்கள், செய்முறைக்கு உதவும் டெமோன்ஸ்ட்ரேட்டர் பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள். பல இடங்களில் அவர்கள் செய்வது பிழை பிடிப்பதும் கையொப்பம் வைப்பதும்தான். குற்றம் அவர்களுடையது இல்லை, அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை. கொலராடோவில் இளமாணிப் பிள்ளைகளையே எடுத்து, எப்படிக் கேள்வி கேட்பது என்று பயிற்றி, பெரிய வகுப்புகளுக்குள் விடுகிறார்கள். பேராசிரியரோடு கிழமைதோறும் கூட்டம் உண்டு.

நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு செய்முறைக்கும் முன் டெமோ பிள்ளைகளோடு அரை மணித்தியாலம் உட்காருங்கள். அன்றைக்கு மேசைக்கு மேசை போய்க் கேட்க வேண்டிய கேள்வி இரண்டை அவர்களே தெரிவு செய்யட்டும். விடை சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது ஒரே விதி. நியமிப்பில் (டைட்ரேஷன்) தொடங்கினால் சுகம். அளவியை (பியூரெட்) திறந்து, நிறங்காட்டி பினோப்தலீன் இளஞ்சிவப்பாகி, பிள்ளை சந்தோஷமாக வாசிப்பை எழுதும் நேரத்தில் கேட்கட்டும்: "இவ்வளவு நேரமும் ஊற்றும்போது மாறாத நிறம் ஏன் இந்த ஒரு துளியில் மாறியது?" கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போகட்டும், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து விடையைக் கேட்கட்டும்.